உடுக்குறி இல்லாத டயல்

பழைய டைவ் வாட்ச் ஒன்றைச் செப்பனிட்டு அணிவதா, அதைப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதியதொன்றை வாங்குவதா என்ற கேள்வி, வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குக் கேள்வியாகவே பெரும்பாலும் பார்க்கப்படுகிறது. ஆய்வுலகம் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் இந்திய நகரங்களின் கடிகாரக் கடைகளில் இக்கேள்வி ஒவ்வொரு நாளும் எழுகிறது. இறந்துபோன தாத்தாவின் கைக்கடிகாரத்தை ஒருவர் மேசைமேல் வைக்கிறார். "புதுசு மாதிரி ஆக்கித் தந்துடலாம்" என்கிறார் கடைக்காரர். இரண்டு வாரம் கழித்துக் கடிகாரம் பளபளவென்று திரும்பி வருகிறது. அந்த இரண்டு வாரத்தில் எது அழிந்தது என்று கேட்பதற்கான சொற்கள்கூட அதைக் கொடுத்தவரிடம் இருப்பதில்லை. எழுத்தையும் சுவடியையும் கல்வெட்டையும் ஆராய்பவர்களிடம் அச்சொற்கள் இருக்கின்றன. ஆகவே இது அவர்களுக்கும் உரிய கேள்விதான்.

டைவ் வாட்ச் ஒரு வேலைக்கருவியாகவே பிறந்தது. பிரெஞ்சுப் படையின் போர்முறை நீச்சல் வீரர்களுக்காக உருவான பிளாங்பேனின் ஃபிஃப்டி ஃபேதம்ஸும், ரோலெக்ஸின் சப்மரினரும் 1953ஐ ஒட்டியே தோன்றின. முதலாவதன் பெயர் குறிக்கும் ஐம்பது பாகம் ஏறத்தாழ 91 மீட்டர். இவ்வகைக் கடிகாரத்தின் அறிவெல்லாம் அதன் சுழலும் வளையத்தில் இருக்கிறது. நீரில் இறங்கும்போது வளையத்தின் சுழிக்குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், பிறகு எத்தனை நிமிடம் கடந்தது என்பதைக் கணக்குப் போடாமல் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். பிற்காலத்தில் இவ்வளையம் ஒரு திசையில் மட்டுமே திரும்புமாறு செய்யப்பட்டது. பாறையிலோ கயிற்றிலோ பட்டு அது நகர்ந்துவிட்டாலும், கடந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைவாகக் காட்டாது. மூழ்குபவர் சற்று முன்னதாகவே மேலேறுவார், அவ்வளவுதான். பிழை நேர்ந்தாலும் உயிர்காக்கும் பக்கமாகவே நேரவேண்டும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்ட பொருள்கள் அரிது. பிறகு வந்த ஐஎஸ்ஓ 6425 என்னும் தரநிலை, குறைந்தது 100 மீட்டர் ஆழம், குறிப்பிட்ட அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் சோதனை, இருளில் 25 செ.மீ. தொலைவிலிருந்து படிக்கக்கூடிய தெளிவு என்று இவற்றை எண்களாக்கியது.

இந்தியாவில் இக்கதைக்கு ஒரு தனிக் கிளை உண்டு. 1737ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் ஸ்விஸ் நிறுவனமான ஃபாவ்ர்-லூபா, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பம்பாயில் வணிகம் செய்தது. சென்ற தலைமுறையினர் பலரின் மணிக்கட்டில் இருந்த சீ சீஃப், சீ கிங் ஆகியவை அதன் தயாரிப்புகளே. பெயரில் கடல் இருந்தாலும் அவை அலுவலகத்துக்கும் திருமணத்துக்கும் அணியப்பட்ட மெல்லிய சாவிக் கடிகாரங்கள். அவற்றோடு குளத்தில் இறங்கியவர்கள்கூட வருந்தியிருப்பார்கள். கடலுக்கென்றே அந்நிறுவனம் செய்தவை வேறு. 1964இல் டீப் புளூ வந்தது. 1968இல் வந்த பாத்தி, எந்திரமுறையில் ஆழத்தைக் காட்டிய முதல் கைக்கடிகாரம். பின்மூடியில் இருக்கும் துளைகளின் வழியே நீரை உள்ளே விட்டு, அந்நீரின் அழுத்தம் ஒரு மெல்லிய உலோகச் சவ்வைத் தள்ள, அத்தள்ளல் ஒரு முள்ளை நகர்த்தி ஆழத்தைச் சொல்லும் அமைப்பு அது. மீட்டர்க் கணக்கில் பாத்தி 50, அடிக்கணக்கில் பாத்தி 160. கடிகாரம் செய்பவர்கள் எல்லாரும் நீரை வெளியே நிறுத்தப் போராடிய காலத்தில், நீரை அழைத்து உள்ளே உட்காரவைத்து அதனிடமே ஆழத்தைக் கேட்ட துணிச்சல் இது.

பிறகு குவார்ட்ஸ் வந்தது, நிறுவனம் சரிந்தது, பெயர் கைமாறியது. 2011இல் டைட்டன் அப்பெயரை வாங்கியது. 2023இல் அது ஈத்தோஸ் குழுமத்தின் கைக்குப் போனது. 2024இல் டீப் புளூ என்ற பெயரோடு புதிய கடிகாரங்கள் வெளிவந்தன. எனவே 1964இன் டீப் புளூவைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு இக்கேள்வி வெறும் உருவகம் அன்று. அதே பெயரில், அதே சாயலில், உத்தரவாதத்தோடு புதியதொன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வடிவத்திலும் பெயரிலும் தொடர்ச்சி உண்டு. செய்த கைகளிலும் தொழிற்கூடத்திலும் இல்லை. பழையதில் மேற்சொன்ன எல்லாம் ஒருகாலத்தில் உண்டு, இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

கடலுக்காகவே ஒருவர் கேட்கிறார் என்றால் விவாதத்துக்கு இடமில்லை, புதியதையே வாங்கவேண்டும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அறுபது ஆண்டுக்கு முந்தைய ரப்பர் வாஷர் இறுகி மண்ணாங்கட்டியாகியிருக்கும். அதை மாற்றிவிடலாம், வாஷர் உட்காரும் உலோகப் பள்ளம் வியர்வையாலும் உப்பாலும் அரிக்கப்பட்டுக் குழிவிழுந்திருந்தால் எந்தப் புது வாஷரும் அங்கே சரியாக அமராது. அழுத்தச் சோதனையில் ஒருமுறை தேறியது அடுத்தமுறையும் தேறும் என்பதற்கு உறுதியில்லை. தவிர, இன்று அந்தமானிலோ லட்சத்தீவிலோ மூழ்கக் கற்பவர்கள் கையில் கட்டுவது டைவ் கம்ப்யூட்டர். பொழுதுபோக்காக மூழ்குபவர்களுக்கு வகுக்கப்பட்டிருக்கும் எல்லையே 40 மீட்டர்தான். அந்த ஆழத்தில் கடிகாரம் ஒரு மாற்று ஏற்பாடு மட்டுமே. மாற்று ஏற்பாடு நம்பகமாக இருக்கவேண்டும், அழகாக இருக்கவேண்டியதில்லை.

இதில் ஒளிப்பூச்சின் கதை தனியே சொல்லவேண்டியது. தமிழ்நாட்டுத் தெருப்பேச்சில் 'ரேடியம்' என்றால் இருட்டில் மின்னும் எதுவும் என்று பொருள். லாரியின் பின்புறம் ஒட்டும் ஸ்டிக்கரும் ரேடியம், அதை வெட்டி ஒட்டும் கடையும் ரேடியம் கடை. அவற்றில் ஒரு துளி ரேடியமும் கிடையாது. ஒரு தனிமத்தின் பெயர் அதன் ஒரு பண்புக்குப் பெயராகி, பிறகு அப்பண்புடைய எல்லாவற்றுக்கும் ஆகிவந்த இப்பொருள் விரிவு, மாணவர்க்குச் சொல்லித்தர நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் இச்சொல்லின் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் ஒன்றுண்டு. 1960களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட பல கடிகாரங்களின் டயலில் இருப்பது மெய்யான ரேடியம். அது ஒளிர்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. காரணம், கதிர்வீச்சால் அடிபட்டு அடிபட்டு அதனோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடு செயலிழந்துவிட்டது. ரேடியமோ அப்படியே இருக்கிறது. அதன் அரையாயுள் ஏறத்தாழ 1600 ஆண்டு. மின்னாத பூச்சு செத்த பூச்சு என்று நினைத்து ஊசிமுனையால் சுரண்டியெடுக்கும் பழுதுபார்ப்பவர், காற்றோட்டமில்லாத ஆறடிக் கடையில் அத்தூளைச் சுவாசிக்கிறார். வாடிக்கையாளர் விரும்பியது புதுப்பொலிவு. அதற்கான விலையைக் கொடுப்பவர் வேறொருவர். அதன்பின் வந்த டிரிடியம் 12 ஆண்டுக்குச் சற்று மேல் அரையாயுள் உடையது, தீங்கு மிகக் குறைவு. 1990களில் கதிரியக்கமே இல்லாத பூச்சுகள் வந்தன. டயலின் அடியில் டிரிடியத்தைக் குறிக்கும் 'டி' எழுத்து இருக்க, மேலே பச்சை மின்னும் புதுப்பூச்சு பூசப்பட்ட கடிகாரங்கள் சந்தையில் நிறைய உண்டு. ஒரே பக்கத்தில் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும் இரண்டு வாக்கியங்கள் அவை.

'செப்பனிடுதல்' என்ற ஒரே சொல் இங்கே மூன்று வெவ்வேறு செயல்களை மூடிவைக்கிறது. இயந்திரத்தைப் பிரித்து, பிசினாகிப்போன எண்ணெயைக் கழுவி, தேய்ந்த சுருள்வில்லை மாற்றி மீண்டும் ஓடவிடுவது ஒன்று. இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. எண்ணெய் வற்றிய இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பதுதான் அழிவு. உறையை மெருகிடுவது இரண்டாவது. இங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. மெருகிடுதல் என்பது உலோகத்தை எடுத்துவிடுதல்; கூர்மையாக வெட்டப்பட்ட விளிம்புகள் ஒவ்வொரு மெருகுக்கும் மழுங்கி, நாலைந்து முறைக்குப் பின் உறை சவர்க்காரக் கட்டியாகிவிடுகிறது. டயலை முழுதாக அழித்துப் புதிதாக வண்ணமடித்து எழுத்துகளை அச்சிடுவது மூன்றாவது. கடைக்காரர் 'புதுசு மாதிரி' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மொழி வரலாற்றில் பயிற்சி உள்ளவர்கள் இம்மூன்றாவது செயலை உடனே அடையாளம் காண்பார்கள். ஒரு மூலத்திராவிடச் சொல்லை மீட்டுருவாக்கும்போது அதன் முன்னால் ஓர் உடுக்குறி இடுவது மரபு. 'கை' என்ற சொல்லுக்கு *கய் என்று மூலவடிவம் எழுதினால், அந்தச் சிறு விண்மீன் சொல்வது இது: இவ்வடிவத்தை எந்த ஏட்டிலும் எந்தக் கல்லிலும் யாரும் கண்டதில்லை, கிளைமொழிகளை ஒப்பிட்டு உய்த்துணர்ந்தது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் திராவிட மொழிகள் பற்றிய பெருநூலில் இக்குறி இல்லாத பக்கங்கள் குறைவு. கல்வெட்டியலில் 1931இன் லெய்டன் மரபு, சிதைந்துபோன எழுத்துகளைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பினால் அவற்றைச் சதுர அடைப்புக்குள் இடவேண்டும் என்கிறது. ஊகிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஊகம் இல்லாமல் இத்துறைகளே இல்லை. ஊகித்தது இன்னது, கிடைத்தது இன்னது என்று படிப்பவர் பிரித்தறிய முடியவேண்டும், அவ்வளவே. மறுவண்ணம் பூசிய டயல் என்பது உடுக்குறி நீக்கப்பட்ட மீட்டுருவாக்கம். அதைவிட மோசமானது ஒன்றும் அதில் உண்டு: மீட்டுருவாக்கம் செய்யும் மொழியியலாளர் கிடைத்த சான்றுகளை எரித்துவிடுவதில்லை, டயலுக்கு மறுவண்ணம் பூச வேண்டுமானால் பழைய பூச்சைச் சுரண்டித்தான் ஆகவேண்டும்.

அப்படியானால் மும்பையிலும் பிற நகரங்களிலும் தலைமுறைகளாக டயல் எழுதிவரும் கைவினைஞர்கள் எல்லாரும் போலி செய்பவர்களா? வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து விற்பனைக்கு வரும் மறுவண்ணக் கடிகாரங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. கோணலான எழுத்துகள், அசலில் இல்லாத ஆரஞ்சும் ஊதாவும், நிறுவனம் ஒருபோதும் பயன்படுத்தாத எழுத்துரு ஆகியவற்றைப் படமெடுத்துச் சிரிப்பது அவர்களது வழக்கம். சிரிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அச்செழுத்தை உற்றுப் பார்த்தால் ஏடெழுதுவோர் பிழைகள் எல்லாமே அங்கே காணக்கிடைக்கும்: விடுபட்ட எழுத்து, இரட்டித்த எழுத்து, பொருள் புரியாமல் உருவம் மட்டும் பார்த்து எழுதியதால் வந்த திரிபு.

ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு சொல்லரசியல் ஒளிந்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் பெரிய நிறுவனங்கள் தங்களிடம் பழுதுக்கு வந்த கடிகாரங்களில் பல பத்தாண்டுகளாகப் பழைய டயலையும் முட்களையும் கழற்றிவிட்டு அன்றைய கையிருப்பில் இருந்த புதியவற்றைப் பொருத்திவந்தன, உறையை மெருகிட்டும் அனுப்பின. அதற்கு 'சர்வீஸ் டயல்' என்று பெயர். அசல் அங்கும் போயிற்று, இங்கும் போயிற்று. ஒன்று சேவை, மற்றொன்று மோசடி. வேறுபாடு செயலில் பாதி, செய்தவரின் முகவரியில் பாதி.

மறுவண்ணம் எப்படி இந்தியாவில் வழக்கமாயிற்று என்பதையும் நினைக்கவேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் வெளிநாட்டுக் கடிகாரம் எளிதில் கிடைக்கும் பொருளன்று. எச்எம்டி 1961இல் சிட்டிசனின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய பிறகும் ஒரு வீட்டில் ஒரு கடிகாரம் என்பதே பலரின் நிலை. அதில் ஈரம் புகுந்து டயல் கறுத்துவிட்டால், அதை எழுதிக்கொடுக்க ஒருவர் இருந்தது பெரும் உதவி. கொடுத்தவருக்கும் தெரியும், செய்தவருக்கும் தெரியும். அசல் என்ற கவலை அங்கே எழவே இல்லை, கடிகாரம் மணி பார்க்கத் தேவைப்பட்டது. அப்படி எழுதப்பட்ட டயலும் இன்று ஒரு வரலாற்றுச் சான்றுதான். 1970களில் ஒரு பம்பாய்க் கைவினைஞர் எழுதிய டயலைச் சுரண்டிவிட்டு இன்று 'அசல்' போன்ற டயலை ஒட்டுவதும் அதே அழிவின் இரண்டாம் சுற்றே. கண்டிக்கவேண்டியது, அதை அறிந்துகொண்டே அசல் என்று விற்பவரை.

புதிய கடிகாரங்களும் இவ்விஷயத்தில் தூய்மையானவை அல்ல. பழைய வடிவங்களை மறுவெளியீடு செய்யும் நிறுவனங்கள், டிரிடியம் ஐம்பது ஆண்டில் அடையும் பழுப்பு மஞ்சளைப் புதுப்பூச்சிலேயே கலந்து தருகின்றன. 1965இல் வந்த தன் முதல் டைவ் வாட்ச்சை 2017இல் சீக்கோ மீண்டும் வெளியிட்டபோது, ஏறக்குறைய அதே உருவத்துக்குள் முற்றிலும் புதிய இயந்திரத்தை வைத்து, எவ்வகை மறைப்புமின்றி அவ்வாறே அறிவித்து விற்றது. அது நேர்மையான மறுபதிப்பு. பிறந்த அன்றே முதுமைச் சாயம் பூசிக்கொள்வது வேறு. ஒரு கடையில் பழையது இளமை பூசுகிறது, அடுத்த கடையில் இளையது முதுமை பூசுகிறது. வாங்குபவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

ஓவியங்களையும் கட்டடங்களையும் பேணுபவர்கள் இச்சிக்கலை முன்பே சந்தித்துவிட்டார்கள். ரோமின் மத்தியச் செப்பனிடல் நிறுவனத்தில் சேசரே பிராண்டியும் உடன் பணியாற்றியோரும் 1940களில் ஒரு முறையை வகுத்தார்கள். ஓவியத்தில் உதிர்ந்துபோன இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்று பார்த்தால் படம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் எது பழையது, எது நிரப்பியது என்று கோடுகளே காட்டிக்கொடுக்கும். 1964இன் வெனிஸ் சாசனம் இதைச் சொற்களில் வைத்தது: ஊகம் தொடங்கும் இடத்தில் செப்பனிடல் நிற்கவேண்டும், மாற்றிவைத்த பகுதி முழுமையோடு இசையவும் வேண்டும், அசலிலிருந்து பிரித்தறியவும் வேண்டும். டீப் புளூ பிறந்த அதே ஆண்டு. கைக்கடிகாரத் தொழிலுக்கு மட்டும் இப்படியொரு சாசனம் ஏனோ தேவைப்படவில்லை. நாற்பது மில்லிமீட்டருக்குள் அடங்கும் பொருளில் எவ்வளவு வரலாறு இருந்துவிடப் போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ.

குடும்பத் தொடர்பு எதுவும் இல்லாமல், வெறும் அழகுக்காகப் பழையதொன்றை வாங்கிச் செப்பனிட நினைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். நின்றுபோன தயாரிப்புகளுக்கு உதிரிப்பாகம் எங்கிருந்தும் வருவதில்லை, இன்னொரு கடிகாரத்திலிருந்துதான் வருகிறது. ஒன்றை ஓடவைக்க இரண்டு பிரிக்கப்படுகின்றன. ஓடும் கடிகாரங்களின் எண்ணிக்கை அதனால் கூடுவதில்லை. அத்தகையோருக்குப் புதியதே மேல். அதுவும் பழுதுபார்க்கத் தகுந்த, உதிரிப்பாகம் வெளியாருக்கும் கிடைக்கிற ஒன்றாக இருந்தால் மிக மேல். உதிரிப்பாகங்களைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற கூடங்களுக்கு மட்டுமே தரும் நிறுவனங்கள் இன்று பல. இந்திய அரசு 2022இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஒரு குழு அமைத்தபோது பேசப்பட்டவை வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வண்டிகள் முதலியன. கைக்கடிகாரம் அப்பட்டியலில் இல்லாதது வியப்பன்று. ஆனால் ஆறடிக் கடையில் கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்தி உட்கார்ந்திருப்பவரின் தொழில், அப்பட்டியலில் உள்ள எவரின் தொழிலுக்கும் குறையாமல் இதே பூட்டினால் மூடப்பட்டுவருகிறது. பெங்களூரில் எச்எம்டியின் கடிகாரப் பிரிவு 2016இல் மூடப்பட்டபின் அவருக்குப் பாகங்கள் வந்துகொண்டிருந்த வழிகளில் ஒன்று போயிற்று.

வீட்டில் வந்து சேர்ந்த கடிகாரம் என்றால் வேறு பேச்சு. இயந்திரத்தைக் கழுவி எண்ணெயிடச் செய்யலாம். வாஷர்களை மாற்றலாம். கீறல் விழுந்த அக்ரிலிக் கண்ணாடியைத் தேய்த்துத் தெளியவைக்கலாம். உறையில் கைவைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் நல்லெண்ணத்தாலேயே மெருகிட்டுவிடுவார். டயல் கறுத்திருந்தாலும் புள்ளி விழுந்திருந்தாலும் அப்படியே விடவேண்டும். ஒளிப்பூச்சைச் சுரண்டச் சொல்லக் கூடாது. 1960களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் அது அவர் நுரையீரலைப் பற்றிய செய்தி என்பதையும் சொல்லிவிடவேண்டும். மழையில் கழற்றிவிடவேண்டும், கடலுக்குக் கொண்டுபோகவே கூடாது. கழற்றப்பட்ட பழைய சுருள்வில், பழைய சாவி, பழைய கண்ணாடி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரு சிறு உறையில் இட்டு, என்று, யார், எதை மாற்றினார் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வைக்கவேண்டும். பெரும்பாலான கடைக்காரர்கள் அப்பழைய பாகங்களைக் குப்பைக் கூடையில்தான் வைத்திருப்பார்கள். கேட்டால் தேடி எடுத்துத் தருவார்கள்.